காலை உடற்பயிற்சிக்குப் பிறகு வரும் அசதி: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

காலையில் எழுந்து உடற்பயிற்சி செய்தால் நாள் முழுக்கச் சுறுசுறுப்பாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளும் சொல்கின்றன. அதை நம்பி ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்த பலருக்கு நடப்பது நேர்மாறு. ஆறரைக்கு வீடு திரும்பும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பத்தரைக்கு அலுவலகத்தில் கண் சொக்குகிறது. மதியம் சாப்பிட்டதும் அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. சிலருக்கு அவ்வளவு நேரம்கூடத் தாங்குவதில்லை. குளித்து முடித்ததும் மறுபடி படுத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

இந்த நிலையில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் "போகப் போகப் பழகிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்கிறார்கள். இரண்டுமே காரணம் தெரியாமல் எடுக்கும் முடிவுதான். அந்த அசதிக்குக் காரணம் பெரும்பாலும் பயிற்சி செய்த ஒரு மணி நேரத்தில் மட்டும் இல்லை. முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எந்த வேகத்தில் ஓடினீர்கள், வீடு திரும்பிய பிறகு எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்பதில் இருக்கிறது. சிலருக்கு இரத்தத்தில் இருக்கிறது. எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் சரிசெய்வது அவ்வளவு கடினமில்லை.

முதல் படி: அசதி எத்தனை மணிக்கு வருகிறது?

வேறு எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். போனில் குறித்தாலும் சரி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாலும் சரி. இரவு கண் மூடிய நேரம், எழுந்த நேரம், என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், முடித்த பிறகு முதல் வாய் சாப்பிட்டது எப்போது, அசதி தலைகாட்டியது எப்போது. இவ்வளவு போதும்.

அந்த நேரமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். பயிற்சி முடித்த அரை மணிக்குள் தலை கிறுகிறுத்து, எங்காவது உட்கார வேண்டும் போல இருந்தால் வேகத்தையும், வெப்பத்தையும், நீங்கள் பயிற்சியை முடிக்கும் விதத்தையும் சந்தேகப்படுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கை லேசாக நடுங்குகிறது, எரிச்சல் வருகிறது, தலை வலிக்கிறது என்றால் உணவும் தண்ணீரும். பதினொரு மணிக்கு மேல் கொட்டாவியோடு வருவது பெரும்பாலும் தூக்கக் குறைவு.

பயிற்சிக்குப் போகாத நாளையும் கட்டாயம் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழரை வரை தூங்கி எழுந்தபின் நன்றாக இருக்கிறதென்றால் குற்றவாளி தூக்கம்தான். நன்றாகத் தூங்கி, பயிற்சியும் செய்யாமல், அன்றும் அதே அசதி என்றால் நடுவில் உள்ள படிகளைத் தாண்டி நேராக இரத்தப் பரிசோதனை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: அலாரத்தை மாற்றும் முன் படுக்கும் நேரத்தை மாற்றுங்கள்

எனக்குத் தெரிந்து, காலைப் பயிற்சி செய்பவர்களின் அசதிக்கு முதல் காரணம் இதுதான். வயது வந்த ஒருவருக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் இரவு பத்துக்கு முன்பே கண் மூடியிருக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பதென்ன? ஒன்பதரைக்குச் சாப்பாடு, பாத்திரம் ஒழிக்கப் பத்தேகால், கொஞ்சம் டிவி, கொஞ்சம் போன், விளக்கணைக்கப் பதினொன்றரை. ஐந்துக்கு அலாரம். ஐந்தரை மணி நேரத் தூக்கம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் குறைந்தால், திங்கள் முதல் வெள்ளி வரை ஏழரை மணி நேரம். அதாவது வாரத்தில் ஒரு முழு இரவுத் தூக்கத்தை உடம்புக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூங்க வேண்டும் என்ற உந்துதலைத் தருவது அதுதான். தூங்கும்போது அது குறையும். பாதித் தூக்கத்தில் எழுந்தால் மிச்சம் தங்கிவிடுகிறது. கனவு வரும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் என்பதால், அலாரம் வெட்டி எடுப்பதும் பெரும்பாலும் அதைத்தான். காலைப் பயிற்சியில் இதயத் துடிப்பு ஏறி, உடம்பு சூடாகி, ஒரு மணி நேரத்துக்குத் தூக்கம் வராத மாதிரி இருக்கும். அந்த வேகம் அடங்கியதும் மூடி வைத்திருந்த தூக்கம் எட்டிப் பார்க்கும். காபியும் அப்படித்தான், அடினோசின் வேலை செய்யும் இடத்தை மறித்துக்கொள்ளுமே தவிர, அடினோசினைக் குறைப்பதில்லை. குடித்த காபியின் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். அசதிக்காக மாலை நான்கரைக்குக் குடிக்கிற இரண்டாவது காபி அன்றைய இரவுத் தூக்கத்தையும் தள்ளிப்போட்டு, மறுநாள் அசதிக்கு வழி செய்கிறது. மதியம் 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம் என்பதை ஒரு வாரமாவது கடைப்பிடித்துப் பாருங்கள்.

படுக்கும் நேரத்தை ஒரே நாளில் ஒன்றரை மணி முன்னால் இழுத்தால் தூக்கம் வராது, புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவருவது இதில் பாதி வெற்றி. விடிந்ததும் வெளிச்சத்தில் நடப்பது உடம்பின் கடிகாரத்தையே கொஞ்சம் முன்னால் நகர்த்தும். இரவில் சீக்கிரம் தூக்கம் வர அதுவும் உதவும். ஜிம்முக்குள் குழல்விளக்கின் கீழ் செய்பவர்களுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. போகும்போதோ வரும்போதோ பத்து நிமிடம் வெளியில் நடந்துவிடுங்கள்.

இரவு எட்டு மணி வரை கடை, பத்து மணி வரை அமெரிக்க நேரத்துக்குக் கூட்டம், கைக்குழந்தை என்று பலருக்கு ஏழு மணி நேரம் படுக்கவே முடியாது. அவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இது: ஆறு மணி நேரம்கூடத் தூங்காத நாளில் காலைப் பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்குங்கள். அன்று மாலை அரை மணி நடந்தால் போதும். அதிகாலைக்கு என்று தனிப் புண்ணியம் எதுவும் கிடையாது. உடம்பின் வெப்பநிலை பிற்பகலிலும் மாலையிலும்தான் உச்சத்தில் இருக்கும். தசைகள் அப்போதுதான் நன்றாக ஒத்துழைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதை எந்த வேளையில் செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை.

மூன்றாம் படி: வேகத்தைக் குறையுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் தேவைக்கு மேல் வேகமாகப் போகிறார்கள். மூச்சு வாங்கினால்தான் பயிற்சி, சட்டை நனைந்தால்தான் பலன் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வருடக்கணக்கில் செய்கிறவர்களுக்கும் பக்கத்தில் யாராவது முந்திக்கொண்டு போனால் கால் தானாக வேகமெடுக்கும்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. பேசிக்கொண்டே நடங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிய வேண்டும். ஆனால் பாட முடியக்கூடாது. அது மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அது கடுமையான பயிற்சி. தினமும் செய்ய வேண்டியதல்ல. கையில் துடிப்பு காட்டும் கடிகாரம் கட்டியிருப்பவர்கள் 220இலிருந்து வயதைக் கழியுங்கள். வருகிற எண்ணில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான வேகம். 45 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 112 முதல் 133 துடிப்பு. இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூட மாறும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே செல்லாது. அந்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அவர்களுக்குப் பேச்சுச் சோதனை ஒன்றே வழி.

உலகத் தரத்தில் ஓடும் நீண்டதூர வீரர்களே தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை மெதுவான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்பதை நார்வேயில் பணியாற்றும் உடலியங்கியல் ஆய்வாளர் ஸ்டீபன் சீலர் எடுத்துக்காட்டினார். ஓட்டமே வாழ்க்கையாக இருப்பவர்கள் அப்படிச் செய்யும்போது, ஒன்பது மணிக்கு அலுவலகம் போய் எட்டு மணி நேரம் வேலை பார்க்க வேண்டியவர் தினமும் மூச்சிரைக்க ஓட வேண்டிய அவசியம் என்ன?

தூரத்துக்கும் இது பொருந்தும். 2023இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நல்ல திட்டம். ஆனால் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 8 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதுவரை நடந்தே பழக்கமில்லாதவர் முதல் நாளே முழுத் தூரத்தையும் முடிக்கக் கூடாது. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பயிற்சி முடிந்த பத்தாவது நிமிடத்தில் "இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே" என்று தோன்ற வேண்டும். அதுதான் அளவு.

நான்காம் படி: வேர்வையைக் கணக்கில் எடுங்கள்

மே மாதத்தில் சென்னையில் விடிகாலையிலேயே 28 டிகிரி இருக்கும், கூடவே கடலோர ஈரப்பதம். வெயில் இல்லையே என்று நினைப்போம். ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வேர்வை காயாது; வழிந்து ஓடும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். குளிராத உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு மேலும் மேலும் அனுப்புகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. கோவையில் சுலபமாகப் போன ஐந்து கிலோமீட்டர் மெரினாவில் ஆளைச் சாய்த்துவிடுவது இதனால்தான். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். ஊர் மாறினாலும், கோடை தொடங்கினாலும் அதுவரை வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நீர் போகிறது என்று ஒருமுறை எடை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பயிற்சிக்கு முன்பும், முடித்துத் துடைத்துக்கொண்ட பிறகும் குறைந்த உடையில் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 கிலோ குறைந்தால் அது 2 சதவீதம்; அந்த அளவைத் தாண்டினால் உடம்பின் திறன் குறையத் தொடங்கும்.

எடைக் கருவி இல்லாவிட்டால் பயிற்சிச் சட்டையைத் துவைக்காமல் கொடியில் காயவிடுங்கள். கருநீலச் சட்டையில் முதுகிலும் அக்குளிலும் வெள்ளை வெள்ளையாக வரிகள் தெரிந்தால், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால், உங்கள் வேர்வையில் உப்பு அதிகம் போகிறது. அப்படிப்பட்டவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் அசதி போகாது. உப்புப் போட்ட மோர், உப்பும் எலுமிச்சையும் கலந்த நீர், உப்பிட்ட நீராகாரம் இதில் எது வீட்டில் இருக்கிறதோ அது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வேர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். அதனால் இளநீர் ஒன்றே போதும் என்று இருக்க வேண்டாம். இரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை, இதய வீக்கம் உள்ளவர்கள் உப்போ இளநீரோ கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இரவு முழுக்கக் குடிக்காமல் இருந்த உடம்பு அது.

ஐந்தாம் படி: சட்டென்று நிற்காதீர்கள்

ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. ஓட்டத்தைப் பட்டென்று நிறுத்தினால் அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. விரிந்திருக்கும் இரத்தக் குழாய்களில் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. தலைக்குப் போவது குறைந்து கிறுகிறுப்பு வருகிறது. கடைசி ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல நடந்து முடியுங்கள். வந்ததும் வெந்நீரில் குளிக்காதீர்கள். சூடு குழாய்களை இன்னும் விரிக்கும். வேர்வை அடங்கக் கால் மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான நீரிலோ பச்சைத் தண்ணீரிலோ குளியுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரத்துக்கு இரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைந்தே இருக்கும். இது நல்ல விஷயம்தான். ஆனால் காலையில் அழுத்த மாத்திரையும் போட்டு, நீரும் குறைந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஆளைத் தள்ளாட வைக்கலாம். வீட்டில் கருவி இருந்தால் பயிற்சி முடித்த ஒரு மணி நேரத்தில் அழுத்தம் பார்த்து எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆறாம் படி: பயிற்சிக்கும் முதல் கவளத்துக்கும் உள்ள இடைவெளி

இரவில் மூளைக்குச் சர்க்கரை கொடுத்தே கல்லீரலின் சேமிப்பு விடிவதற்குள் வெகுவாகக் கரைந்திருக்கும். முப்பது நாற்பது நிமிடம் மிதமாக நடப்பதற்கு அந்த மிச்சமும், தசைகளில் இருக்கும் சேமிப்பும், கொழுப்பும் போதும். வெறும் வயிற்றில் போகலாம். ஒரு மணி நேர ஓட்டம், பளு தூக்குதல் என்றால் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ சாப்பிட்டுவிடுங்கள்.

ஆனால் அசதிக்குப் பெரிய காரணம் முன்னால் சாப்பிடாதது இல்லை, பின்னால் சாப்பிடத் தாமதிப்பதுதான். இதைப் பெண்களிடம் அதிகம் பார்க்கிறேன். ஐந்தேகாலுக்கு மொட்டைமாடியிலோ பூங்காவிலோ நடை. ஆறேகாலுக்குத் திரும்பியதும் நேராக அடுப்படி. ஒரு பக்கம் குழந்தைகளின் டிபன் பாக்ஸ், இன்னொரு பக்கம் மதியத்துக்குக் குழம்பு, நடுவில் யூனிபார்ம் தேய்ப்பது. இடையில் ஒரு காபி, அதுவும் ஆறிப்போய். எல்லோரையும் அனுப்பிவிட்டு ஒன்பதரை மணிக்கு, அடுப்படி மேடையில் தட்டை வைத்து நின்றபடியே இரண்டு தோசை. பயிற்சி முடிந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது; அந்த மூன்று மணி நேரமும் நின்றபடி வேலை. இவருக்கு வரும் அசதிக்கு "வயசாகுது" என்று வீட்டில் காரணம் சொல்கிறார்கள். உண்மையான தீர்வு இரண்டு: திரும்பி வந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஏதாவது சாப்பிடுவது, அந்த நேரத்து வேலையில் பாதியை வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்துக்கொள்வது. இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது வருத்தமான விஷயம். ஆனால் கேளுங்கள்.

திரும்பி வந்து முக்கால் மணி நேரத்துக்குள் ஏதாவது உள்ளே போகட்டும். முழு டிபன் முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும், அல்லது முந்தைய நாள் அவித்து வைத்த சுண்டல் ஒரு கிண்ணம்.

டிபனில் புரதத்தைக் கவனியுங்கள். ஓர் இட்லியில் ஏறக்குறைய 2 கிராம் புரதம். நான்கு இட்லி சாப்பிட்டாலும் 8 கிராம்தான். பயிற்சிக்குப் பிறகு தசைகளைச் சீர்செய்ய ஒரு வேளைக்கு 20 கிராம் அளவு இருந்தால் நல்லது. இரண்டு வேகவைத்த முட்டை சேர்த்தால் கூடுதலாக 12 கிராம், கணக்கு சரியாகிவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் இட்லியை மூன்றாகக் குறைத்து, ஒரு கிண்ணம் சுண்டல், பருப்பு கெட்டியாக விட்ட சாம்பார், ஒரு டம்ளர் பால் என்று சேர்த்துக்கொள்ளலாம். அடை, பெசரட்டு, பாசிப்பயறு தோசை எல்லாம் சாதாரணத் தோசையைவிட இந்த விஷயத்தில் மேல். நெய் வழியும் பொங்கலும் வடையும் ஒரு பிடி பிடித்துவிட்டு அலுவலகம் போனால் பத்து மணிக்குத் தூக்கம் வருவதற்குப் பயிற்சியைக் குறை சொல்ல முடியாது.

எடை குறைக்க வேண்டும் என்று பயிற்சியும் செய்து, சாப்பாட்டையும் பாதியாக வெட்டுபவர்களுக்கு இன்னொரு அசதி உண்டு. உடம்பு செலவழிக்கும் அளவுக்கு வரவு இல்லாதபோது அது மற்ற வேலைகளைச் சுருக்கத் தொடங்கும். குளிர் தாங்காது, தூக்கம் கெடும், பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். இந்த நிலைக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வருவதல்ல. மாதவிலக்கு மாறினால் பட்டினியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் வரும் அசதி, வேர்வை, நடுக்கம் சர்க்கரை இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பார்க்கக் கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள்.

ஏழாம் படி: வாரத்தைப் பிரித்துப் போடுங்கள்

ஏழு நாளும் ஒரே மாதிரி செய்வது நம் ஊரில் வழக்கம். விட்டால் பழக்கம் போய்விடும் என்ற பயம். கடுமையான பயிற்சி வாரத்தில் இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் விட்டு. மற்ற நாட்களில் மெதுவான நடையோ யோகாவோ. ஒரு நாள் முழு ஓய்வு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அந்த வாரம் முழுக்கச் செய்வதைப் பாதியாகக் குறையுங்கள். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்தில் தசை வலி ஓரிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வந்து அடங்கும், அது இயல்பு. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பிடித்து எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட அது பல நாள் தொடர்ந்து ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் மீளவில்லை.

எட்டாம் படி: மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால் இரத்தப் பரிசோதனை

மேலே சொன்னதை எல்லாம் செய்தும் அசதி அப்படியே இருந்தால் இனி யூகம் வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ஆண்களிலும் நால்வரில் ஒருவருக்கு உண்டு. பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே போனால் சோகை. தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோகும் வண்டியே குறைவாக இருக்கும்போது மாடிப்படி ஏறுவதே சுமை. ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச்சத்தின் சேமிப்பு தீர்ந்திருக்கக்கூடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. மாதவிலக்கில் அதிகம் போகிறவர்களும் சைவ உணவுக்காரர்களும் இதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. கூடவே தைராய்டுக்கு டிஎஸ்எச், வைட்டமின் பி12, வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். பி12 குறைவு சைவ உணவுக்காரர்களிடமும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களிடமும் அடிக்கடி காணப்படுகிறது.

சோகை இருந்தால் மருத்துவர் கொடுக்கும் மாத்திரையோடு ஒரு பழக்கத்தை மாற்றுங்கள். டிபன் முடித்த கையோடு ஃபில்டர் காபி குடிப்பது நம் வழக்கம். காபியும் டீயும் உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் தடுக்கும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முருங்கைக்கீரை, கொள்ளு, சுண்டல் சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள் அல்லது நெல்லிக்காய் சேருங்கள். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும்.

இரத்தம் எல்லாம் சரி, ஏழு மணி நேரம் படுத்தும் எழும்போதே களைப்பு என்றால் பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள்: குறட்டை விடுகிறேனா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறேனா? ஆமாம் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரோ நுரையீரல் மருத்துவரோ தூக்கப் பரிசோதனைக்கு எழுதுவார்.

அசதி என்று ஒதுக்கக் கூடாதவை

பயிற்சியின்போதோ முடிந்த பிறகோ நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாமல் கொட்டும் குளிர்ந்த வேர்வை, மயங்கி விழுதல், துடிப்பு தாறுமாறாக ஓடுதல் இவற்றில் எது வந்தாலும் உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துப் பார்க்க நேரமில்லை. வழக்கமாகச் சுலபமாக நடக்கும் தூரத்துக்கு இந்த வாரம் திடீரென்று மூச்சு வாங்கினால் அதுவும் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டிய அடையாளம், முக்கியமாக 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும். முதல் நாளே நூறு, நூற்றைம்பது தோப்புக்கரணம் போட்டு, மறுநாள் தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கட்டன்காபி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

டெங்கு, கோவிட், வைரஸ் காய்ச்சல் வந்து போனவர்கள் தனி. காய்ச்சல் விட்ட பிறகும் அசதி வாரக்கணக்கில் நீடிப்பது உண்டு, குறிப்பாக டெங்குவுக்குப் பின். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி அறவே வேண்டாம். இதயத் தசையில் வீக்கம் வந்திருந்தால் அது ஆபத்து. அன்றாட வேலைகளை அலுப்பில்லாமல் செய்ய முடிகிற வரை பொறுங்கள். பிறகு பத்து நிமிட மெதுநடையில் தொடங்கி, மறுநாள் எப்படி இருக்கிறது என்று பார்த்து, நன்றாக இருந்தால் மட்டும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் களைத்துப் போனால் பழைய அளவுக்கே திரும்பி இரண்டு மூன்று நாள் அங்கேயே நில்லுங்கள். ஓட்டமும் பளுவும் அரை மணி நேர நடை சுலபமான பிறகு.